மதுரைக் கண்மாய்களில் ஃபிளை ராட் வீசிக் கெண்டை பிடிக்க: புதிதாக வருபவருக்கு வழிகாட்டி

மதுரைப் பக்கம் எந்தக் கண்மாய்க் கரையில் தூண்டிலோடு நின்றாலும் சிறிது நேரத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும். வண்டியில் இருப்பவர் இறங்காமலே கேட்பார்: “யாரைக் கேட்டு எறங்குனீங்க?” இதற்குப் பதில் கையில் இருந்தால் மற்றதை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளலாம். பதில் இல்லாவிட்டால் நல்ல ராட், நல்ல ரீல் எதற்கும் பயனில்லை.

ஃபிளை ஃபிஷிங் பற்றித் தேடினால் கிடைப்பதெல்லாம் குளிர்நாட்டு ஓடைகளைப் பற்றியது. நம் ஊர்க் கலங்கல் தண்ணீர், கண்மாய் மீன் உரிமையை ஏலம் விடும் மீன்பாசிக் குத்தகை, சீமைக்கருவேலம், ஆடிக்காற்று எதுவும் அதில் வராது. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்துதான் நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். நீங்கள் அந்த அலைச்சல் படக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஃபிளை ஃபிஷிங்கையே கேள்விப்படாதவருக்கு ஒரு வரி. சாதாரணத் தூண்டிலில் இரையோ ஈயக் குண்டோ கனமாக இருக்கும். அதுதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் முள்ளில் கட்டியிருப்பது இறகாலும் நூலாலும் செய்த பொய்ப் பூச்சி, அதைத்தான் ஃபிளை என்பார்கள். அதற்குக் கனமே கிடையாது. கனம் முழுக்கத் தடித்த லைனில் இருக்கிறது. அந்த லைனைத்தான் முன்னும் பின்னும் வீசிப் பூச்சியை மீன் முன்னால் கொண்டுபோய் வைக்கிறோம்.

1. எந்தக் கெண்டை என்று முடிவு செய்யுங்கள்

நம் கண்மாய்களில் விடுவது பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால், புல் கெண்டை, சாதாக் கெண்டை. மீன் வியாபாரிகள் சாதாக் கெண்டையைக் காமன் கார்ப் என்றே சொல்வார்கள். இவற்றில் உங்கள் இலக்கு சாதாக் கெண்டையாக இருக்கட்டும். அது அடிமண்ணைக் கிளறிப் புழு, பூச்சி, நத்தை தின்னும் மீன். கரையோரம் முழங்கால் ஆழத்துக்குக்கூட மேய வரும். பொய்ப் பூச்சியை உண்மை என்று நம்பி வாயில் எடுக்கும்.

கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்பவை. கட்லா மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து திரிவதைப் பார்த்து ஆசைப்பட்டு நாள் முழுக்க வீசுபவர்கள் உண்டு, பெரும்பாலும் வெறுங்கைதான். ரோகு நடுமட்டத்தில் பாசியைக் கறும்பும், மிர்கால் அடியில் மக்கியதைத் தின்னும், எப்போதாவது கிடைக்கும். புல் கெண்டை மட்டும் தனி வகை. கரையோரப் புல்லைக் கடிக்க வரும்போது பச்சை நிறத்தில் மிதக்கும் ஃபிளையை எடுக்கும், எடுத்துவிட்டால் லைனைக் கடகடவென்று உருவிக்கொண்டு ஓடும். அது இரண்டாம் வருஷத்துக்கு இருக்கட்டும்.

2. தண்ணீர் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

மொத்த வேலையில் பாதி இதுதான். அவசரப்படாதீர்கள்.

கண்மாயில் இருக்கும் கெண்டை தானாக வந்த மீன் அல்ல. யாரோ குத்தகை எடுத்து, பணம் கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு வளர்க்கும் மீன். பிடித்து உடனே விட்டுவிடப் போகிறேன் என்று நீங்கள் சொன்னாலும், முன்பின் தெரியாத ஆள் கரையில் தூண்டிலோடு நிற்பது அவருக்குத் திருட்டாகத்தான் தெரியும். அவர் கோபம் நியாயமானது.

பொதுவாக 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். நீர்வளத்துறை முன்பு பொதுப்பணித்துறைக்குள் இருந்ததால் ஊரில் இன்னும் ‘பொதுப்பணித்துறைக் கண்மாய்’ என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள். மீன்பாசி உரிமையை ஏலத்தில் விடுவார்கள். குத்தகைக் கணக்கு பசலி ஆண்டில் ஓடும், அதாவது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

விசாரிக்க வேண்டிய வரிசை:

முதலில் கண்மாய்க்குப் பக்கத்து டீக்கடை. “கம்மா மீன் யாரு குத்தகைண்ணே?” என்று கேட்டால் பெரும்பாலும் அங்கேயே பெயரும் வீடும் தெரிந்துவிடும். அடுத்து மடை திறக்கும் நீர்பாய்ச்சி. யார் எப்போது குஞ்சு விட்டார்கள், எந்த மடையில் பள்ளம், எந்தப் பக்கம் சேறு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரை மரியாதையாகப் பேசிப் பழக்கப்படுத்திக்கொள்வது எந்த அலுவலகக் காகிதத்தையும்விட உதவும்.

அங்கே தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலர். கண்மாயின் சர்வே எண்ணையும் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் அது எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் அவர் சொல்வார். ‘அ’ பதிவேட்டு விவரத்தை அரசின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். அந்த எண்ணோடு ஒன்றிய அலுவலகத்துக்கோ நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்துக்கோ போனால் குத்தகை விவரம் கிடைக்க வேண்டும். சில இடங்களில் “அந்த ஆபீஸ்ல கேளுங்க” என்று அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு பக்கமும் கைவிரித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி மனு போடுங்கள். ‘இன்ன சர்வே எண் கண்மாயின் நடப்புப் பசலி மீன்பாசிக் குத்தகை உத்தரவின் நகல்’ என்று ஒரே ஒரு கேள்வி போதும். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், தை மாதம் மீன் பிடிக்க வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே மனுவை அனுப்பிவிடுங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஊரில் பெரிய மனிதர் ஒருவர் “நான் பாத்துக்கிறேன், நீங்க பிடிங்க தம்பி” என்று சொல்வது. அவர் நல்ல மனதோடு சொல்லலாம், ஆனால் மீன் அவருடையது இல்லை. இரண்டாவது, உள்குத்தகை. ஏலம் எடுத்தவர் ஒருவர், மீன் வளர்ப்பவர் வேறொருவர். காகிதத்தில் பெயர் இருப்பவரிடம் அனுமதி வாங்கிவிட்டுப் போனால் கரையில் நிற்பவர் ஒப்புக்கொள்ள மாட்டார். இருவரிடமும் பேசிவிடுங்கள். மேலூர்ப் பக்கம் சில ஊர்களில் மீன் ஊர்ப் பொதுவாக இருக்கும். கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா வைத்து எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். அங்கே தனி ஒருவரின் அனுமதி எடுபடாது. ஊர்த் தலைவரான அம்பலம், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். திருவிழாவுக்கு முன் மீனைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

3. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்

குத்தகைதாரரைப் பார்க்கப் போகும்போது ராடை எடுத்துப் போங்கள், ஆனால் கேட்டால் மட்டும் பிரியுங்கள். பொய்ப் பூச்சிகள் இருக்கும் டப்பாவைத் திறந்து காட்டுங்கள். “வலை இல்ல, மருந்து இல்ல, ஒத்த முள்ளு, அதுலயும் நுனியில பின்னோக்கி நிக்கிற செதில் முள்ள நசுக்கியாச்சு. பிடிச்சு உங்க முன்னாலேயே விட்டுடுவேன்ணே” என்று நேராகச் சொல்லுங்கள். முதல் தடவை அவரையே பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லுங்கள். ஒரு மீனை நீங்கள் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடுவதை அவர் பார்த்துவிட்டால் சந்தேகம் போய்விடும்.

கடிதம் அரைப் பக்கம் போதும். கண்மாயின் பெயர், ஊர், சர்வே எண். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. ஒற்றைத் தூண்டில் மட்டும். மீனை உயிரோடு விட வேண்டும், செத்துப்போனால் எடைக்கு அன்றைய விலை கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்து, அலைபேசி எண். கூடவே குத்தகை உத்தரவைப் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். உங்கள் ஆதார் நகல் ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த மூன்றின் படமும் அலைபேசியில் எப்போதும் இருக்கட்டும். காவல் நிலையத்திலிருந்து யாராவது வந்து கேட்டாலும் இது போதும்.

பணம்: இதற்கென்று அரசு நிர்ணயித்த கட்டணம் எதுவும் கிடையாது, பேசி முடிவு செய்வதுதான். சிலர் காசே வேண்டாம் என்பார்கள். அப்படிச் சொன்னாலும் போகும் நாளில் ஒரு கிலோ மீன் அவரிடமே விலைக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கேட்டால் மாதக் கணக்காகப் பேசுங்கள், குறையும். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். தண்ணீர் வற்றினாலோ அவர் முன்னதாகவே வலை போட்டுவிட்டாலோ திரும்பக் கேட்பது சங்கடம்.

4. எங்கே தொடங்கலாம், எங்கே போகவே கூடாது

முதல் சில மாதங்களுக்குக் கண்மாயே வேண்டாம் என்பது என் கருத்து. பண்ணைக்குட்டையில் தொடங்குங்கள். மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமெல்லாம் விவசாயிகள் குட்டை வெட்டி மீன் விட்டிருக்கிறார்கள். உரிமையாளர் ஒருவர்தான், அனுமதி ஒரே பேச்சில் முடிந்துவிடும். மீன் பார்வைக்குத் தெரியும், கரையில் மரம் குறைவு. தீனி போடும் நேரத்தில் மீன் ஓரிடத்தில் கூடும் என்பதால் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஒன்றே ஒன்று: ஒரு குட்டையில் நனைந்த வலைப்பையையும் செருப்பையும் வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகே அடுத்த குட்டைக்குக் கொண்டுபோங்கள். மீன் நோய் பரவினால் அந்த விவசாயியின் ஒரு வருஷ உழைப்பு போய்விடும்.

அடுத்தது கண்மாய்கள். மாடக்குளம், நிலையூர், தென்கால் போன்ற பெரிய கண்மாய்களில் இடம் தாராளம், ஆனால் மீன் எங்கே இருக்கிறது என்று தேடவே நாளாகும். புதியவருக்குச் சிறிய ஊராட்சிக் கண்மாய் நல்லது. நகருக்குள் இருக்கும் வண்டியூர், செல்லூர்க் கண்மாய்களை விட்டுவிடுங்கள். நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். முள் பின்னால் பறக்கும் விளையாட்டு இது. ஆகாயத்தாமரையும் கழிவுநீரும் வேறு.

வைகை அணை மதுரையிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஆரப்பாளையத்திலிருந்து தேனிப் பேருந்தில் ஆண்டிபட்டி போய் அங்கிருந்து அணைக்கு மாறிக்கொள்ளலாம். மதுரை–போடி ரயிலும் ஆண்டிபட்டியில் நிற்கும். நீர்த்தேக்கத்து மீன் உரிமை கண்மாய் மாதிரி ஒரு வீட்டில் கேட்டு முடிகிற விஷயம் அல்ல. வைகை அணையிலேயே மீன்வளத்துறை அலுவலகம் இருக்கிறது. அங்கே போய் இப்போது பிடிப்புரிமை யாரிடம் இருக்கிறது, தனி நபர் தூண்டிலுக்கு என்ன விதி என்று எழுதிக் கேளுங்கள். அலுவலக நாளில், காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அணை பார்க்கப் போன கையோடு முடிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. அணைக்கட்டின் மேலும் மதகுப் பக்கமும் ராடை எடுக்கவே வேண்டாம். பாலமேட்டைத் தாண்டிச் சாத்தையார் அணை அழகான இடம்; தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பொங்கலுக்கு மறுநாள் பாலமேட்டிலும் அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு என்பதால் அந்த வாரம் அந்தச் சாலையை மறந்துவிடுங்கள்.

போகக்கூடாத இடங்கள்: தெப்பக்குளங்கள், திருப்பரங்குன்றம் சரவணப் பொய்கை போன்ற கோயில் நீர்நிலைகள்; சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயக் கண்மாய்கள்; ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் எந்தத் தண்ணீரும். 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியையும் விட்டுவிடுங்கள். சரணாலயத்தில் தூண்டில் போடுவது வனத்துறை வழக்காகும். அங்கே ஊர்க்காரர் அனுமதி கொடுத்தாலும் செல்லாது.

5. சாமான் வாங்குவது

9 அடி நீளம், 6 அல்லது 7-ம் எண் ராட் (எண் என்பது அது வீசும் லைனின் கனம்). நான்கு துண்டாகப் பிரிவதாக வாங்குங்கள். ஒவ்வொரு துண்டும் இரண்டேகால் அடிதான் இருக்கும், பேருந்தில் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு போகலாம். 8-ம் எண் ராட் காற்றில் எளிது, ஆனால் நாளெல்லாம் வீசினால் தோள் கழன்றுவிடும். ராடும் லைனும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். முன்பக்கம் கனமான, மிதக்கும் வகை லைன் கேளுங்கள், உறையில் டபிள்யூ.எஃப்., எஃப். என்று எழுதியிருக்கும். மூழ்கும் லைன் நம் கண்மாய்ச் சேற்றில் முழுக்க அழுக்கேறிவிடும். ரீலில் மீன் ஓடும் வேகத்தைக் குறைக்கும் இழுவைப் பிடிப்பு இருக்க வேண்டும்; லைனுக்கு அடியில் ரீலில் சுற்ற 50 முதல் 100 மீட்டர் பேக்கிங் நூல்.

செலவை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொடக்க நிலை செட் சுமார் 8,000 முதல் 15,000 ரூபாய். மலிவான செட்டில் வரும் லைன் பெரும்பாலும் மோசமாக இருக்கும். லைனை மட்டும் தனியாக நல்லதாக வாங்கினால் இன்னும் 3,000 வரை ஆகும். காசு குறைவு என்றால் ராடில் குறைத்துக்கொள்ளுங்கள், லைனில் குறைக்காதீர்கள். போலரைஸ்டு கண்ணாடி 1,000 ரூபாய்க்கு மேல். இதை ஆடம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். தண்ணீருக்குள் மீனைப் பார்க்க இதைவிட்டால் வழியில்லை. முடிச்சில்லாத ரப்பர் வலைப்பை, மூக்குக் குறடு, முள், நூல் எல்லாம் சேர்ந்து இன்னொரு 2,000. எல்லாம் சேர்த்து 14,000 முதல் 21,000 வரை ஒதுக்கிக்கொண்டு இறங்கலாம்.

மதுரைத் தூண்டில் கடைகளில் ஃபிளை சாமான் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; இணையம்தான் வழி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையோடு சுங்கவரியும் கூரியர் கட்டணமும் சேரும். பொருள் இந்தியாவுக்குள் வந்ததும் கூரியர் நிறுவனம் ஆதார் அல்லது பான் நகல் கேட்டுச் செய்தி அனுப்பும். பொருளில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர் இனிஷியலால்தான் பெரும்பாலான பார்சல்கள் தங்கிவிடுகின்றன. வாங்கும்போதே அட்டையில் உள்ளபடி பெயரைப் போடுங்கள். ஆவணத்தைத் தாமதமாகக் கொடுத்தால் கிடங்குக் கட்டணம் ஏறும். மூன்று, நான்கு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையில் மீன் பிடிக்க ஆவணியில் வாங்குவது சரியான கணக்கு, நடுவில் வீசப் பழகவும் நாள் கிடைக்கும்.

லைன் நுனிக்கும் ஃபிளைக்கும் நடுவே கட்டும் மெல்லிய நரம்புதான் லீடர். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தூண்டில் கடையில் 0.50, 0.38, 0.25 மில்லிமீட்டர் தடிமனில் நைலான் நரம்பு வாங்கி, முறையே 6 அடி, 2 அடி, 2 அடி வெட்டி, இரு நுனியையும் சேர்த்துப் பிடித்து ஒரு வளையத்துக்குள் இரண்டு முறை நுழைக்கும் சர்ஜன் முடிச்சால் சேருங்கள். பத்தடி லீடர் தயார். முடிச்சை எச்சில் தொட்டு நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை இறுக்கினால் சூடேறிப் பலம் போய்விடும்.

6. ஃபிளை கட்டுவது

இதற்கு மட்டும் ஊரிலேயே எல்லாம் கிடைக்கும். விளக்குத்தூண் பக்கத் தையல் சாமான் கடைகளில் பழுப்பு, பாசிப் பச்சை, சிவப்புக் கம்பளி நூல். கறிக்கடையில் சேவலின் கழுத்து இறகு. சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காய வையுங்கள். மயில் இறகைத் தேடிப் போகவே வேண்டாம். பழைய சாவிக்கொத்தின் குண்டுமணிச் சங்கிலியில் இரண்டு மணி வெட்டி முள்ளின் தலையில் கட்டினால் கண்ணும் ஆகும், மெதுவாக மூழ்கக் கனமும் ஆகும்.

மூன்று வகை போதும். முதலாவது, 8-ம் எண் முள்ளில் பழுப்பு நூலுடம்பும் இரண்டு சுற்று இறகும். தட்டான் குஞ்சு மாதிரி இருக்கும், கண்மாய்க்கு இதுதான் முதல் தேர்வு. இரண்டாவது, இரண்டு அங்குலச் சிவப்பு நூலை முள்ளின் நடுவில் கட்டிய புழு. மழை பெய்து ஓடைத் தண்ணீர் உள்ளே வரும் நாட்களுக்கு. மூன்றாவது, பழைய ரப்பர் செருப்பில் சிறு உருண்டை வெட்டிப் பழுப்பு மை பூசியது. பண்ணைக்குட்டையில் மிதவைத் தீனி போடும் இடத்தில் தீனி உருண்டையாகவே தெரியும். எந்த ஃபிளையானாலும் செதில் முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனுக்கும் நல்லது, உங்கள் காதில் குத்தினாலும் எளிதாகக் கழற்றலாம்.

7. வீசப் பழகுங்கள்

வறண்ட கண்மாய்த் தரையோ பள்ளி மைதானமோ போதும். முள்ளுக்குப் பதில் சிவப்பு நூல் துண்டைக் கட்டிக்கொண்டு பழகுங்கள். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். பின்னால் வீசியதும் லைன் முழுக்க நீள ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் கொண்டு வர வேண்டும். புதியவர்கள் எல்லோரும் அவசரப்படும் இடம் இது. சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்டால் சீக்கிரம் திருப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். நாற்பது அடி தூரத்தில் ஒரு முறத்தை வைத்து, அதில் பாதித் தடவையாவது விழும்வரை தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள். அறுபது அடி வீச வேண்டிய தேவை நம் கண்மாய்களில் அனேகமாக வராது. கரையில் கருவேலம் இருந்தால் பின்வீச்சுக்கு இடமில்லை. லைனைத் தண்ணீர் மேலேயே உருட்டி முன்னால் தள்ளும் உருட்டு வீச்சையும் கூடவே பழகிக்கொள்ளுங்கள்.

8. மாதமும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் வாய்க்கால் தண்ணீரும் வந்து கண்மாய் நிறையும். அப்போது தண்ணீர் செம்மண் நிறம், எதுவும் தெரியாது. அப்போதுதான் குஞ்சும் விடுவார்கள். மார்கழி பாதிக்கு மேல் வண்டல் படியும். தை, மாசி இரண்டும்தான் நமக்கு உரிய காலம்: தண்ணீர் தெளிவு, வெயில் மிதம், காற்று குறைவு, போன வருஷத்து மீன் மீந்திருந்தால் நல்ல எடை. பங்குனியில் தண்ணீர் இறங்க இறங்க மீன் பள்ளத்தில் ஒதுங்கும். குத்தகைதாரர் வலை போடத் தொடங்குவார். அந்த நேரத்தில் அவரிடம் போய் அனுமதி கேட்காதீர்கள், அவருக்கு அது அறுவடைக் காலம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நிறுத்தி வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் ஃபிளை கட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தை மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் பதினொன்று வரை நல்ல நேரம். விடியும் முன் போவதால் பெரிய லாபமில்லை, தண்ணீருக்குள் பார்க்கச் சூரியன் கொஞ்சம் ஏற வேண்டும். இரவில் போகவே போகாதீர்கள், கடிதம் இருந்தாலும் சரி.

9. தண்ணீரில் இறங்கிய பிறகு

முதல் அரைமணி நேரம் வீசாதீர்கள். கரையில் மெதுவாக நடந்து பாருங்கள். அடிமண்ணிலிருந்து சிறு குமிழிகள் கூட்டமாக வந்தால், கலங்கல் புகை மாதிரி ஓர் இடத்தில் எழும்பி நகர்ந்தால், முழங்கால் ஆழத் தண்ணீரில் வால் நுனி வெளியே தெரிந்தால் அங்கே சாதாக் கெண்டை மேய்கிறது. ஓட்டமாக ஓடும் மீனையும், மேலே அசையாமல் வெயில் காயும் மீனையும் விட்டுவிடுங்கள், அவை தின்னும் மனநிலையில் இல்லை. மடை வாய், ஓடை வந்து சேரும் இடம், அல்லிக்கொடி முடிந்து வெற்றுத் தண்ணீர் தொடங்கும் ஓரம் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

கெண்டைக்குக் காலடி அதிர்வு நன்றாகத் தெரியும். மேட்டுக் கரையில் நின்றால் உங்கள் நிழல் அதன்மேல் விழும், உட்கார்ந்தபடி வீசுங்கள். ஃபிளையை மீனின் தலைமேல் போடாதீர்கள். அது போகும் திசையில் மூன்று, நான்கு அடி தள்ளிப் போட்டு, மேல்மட்டத்திலேயே மெதுவாக இழுத்து வந்து, அதன் வாய்க்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி மூழ்க விடுங்கள். பிறகு அசைக்காதீர்கள்.

கெண்டை இரையைச் ‘சுருக்’கென்று இழுக்காது, உறிஞ்சும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். லைனில் உங்களுக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். அதனால் லைனைப் பார்க்காமல் மீனைப் பாருங்கள். தலை சற்றுச் சாய்ந்தாலோ, செவுள் விரிந்தாலோ, நகர்ந்துகொண்டிருந்த மீன் நின்றாலோ எடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த நொடியில் ராடைத் தூக்காதீர்கள். இடது கையால் லைனை ஒரு முழம் இழுங்கள். மாட்டியிருந்தால் ராட் வளையும். மாட்டாவிட்டாலும் ஃபிளை மீன் முன்னாலேயே கிடக்கும், இன்னொரு வாய்ப்பு உண்டு. ராடைத் தூக்கியிருந்தால் மொத்த லைனும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து மீன் ஓடியிருக்கும்.

மாட்டிய கெண்டை முதலில் நேராகப் பள்ளத்துக்கோ முள்மரத்துக்கோ ஓடும். ஓட விடுங்கள், காலடியில் கிடக்கும் லைன் செருப்பில் சிக்காமல் மட்டும் பாருங்கள். ராடைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மீனின் திசையைத் திருப்ப முடியும். சீக்கிரம் கொண்டு வந்துவிடுங்கள், வெதுவெதுத்த தண்ணீரில் நீண்ட போராட்டம் அதைக் கொன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு, வலைப்பையைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். மணலில் போட்டுப் படம் எடுப்பது குத்தகைதாரரின் மீனைப் பாழாக்குவது. மீனைத் தண்ணீரிலேயே பிடித்தபடி அது நிமிர்ந்து நிற்கும்வரை காத்திருந்து, தானாக நீந்திப் போனபின் கையை எடுங்கள்.

கோடையில் விடியற்காலை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், தண்ணீரில் மூச்சுக் காற்று குறைந்துவிட்டது. அன்று தூண்டிலைத் தொடாமல் உடனே உரிமையாளருக்குப் போன் செய்யுங்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பகுதி மீனைக் காப்பாற்றிவிடலாம்.

10. உயிருக்கு ஆபத்தானவை

கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். வயல்வெளியில் பம்புசெட்டுக்குப் போகும் கம்பிகள் தொய்ந்து கிடக்கும். ராடும் பறக்கும் லைனும் சேர்ந்தால் எட்டும் உயரம் அது. வீசும் முன் அண்ணாந்து பாருங்கள். இடி கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடிக்குப் போகாதீர்கள்.

கண்மாய்க்குள் வண்டல் அள்ளிய குழிகள் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது அடுத்த அடி இரண்டாள் ஆழம். நீர்பாய்ச்சி கை காட்டாத இடத்தில் இறங்காதீர்கள். நீச்சல் தெரிந்தாலும் சேறு விடாது. முட்டியளவு உயரமான ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, புதரைத் தட்டித் தட்டி நடங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை. தனியாகப் போகும் நாளில் வீட்டில் கண்மாயின் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

11. ஜூன் வந்தால்

குத்தகை ஜூன் 30-இல் முடிந்தால் அதோடு உங்கள் கடிதமும் முடிந்தது. அதே ஆள் மறுபடி எடுத்திருந்தாலும் புதுத் தேதி போட்டுப் புதுக் கடிதம் வாங்குங்கள். வேறு ஆள் எடுத்திருந்தால் பழைய குத்தகைதாரரையே கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்யச் சொல்லுங்கள். ஏலம் தள்ளிப்போன கண்மாயில் யாருக்கும் உரிமை இல்லாத இடைவெளி விழும். “இப்ப யாரும் கேக்க மாட்டாங்க” என்று சொல்வார்கள். அந்த நாட்களில் பண்ணைக்குட்டைக்குப் போங்கள்.